வழி சொல்லாத கேள்வி

2020 அக்டோபர் 3, சனிக்கிழமை. பிரிட்டனில் அன்று அறிவிக்கப்பட்ட புதிய கொரோனா தொற்றுகள் 12,872. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்த எண் 22,961. ஒரே நாளில் இப்படி எகிறுமா என்று பதறிய மக்களுக்கு அரசு ஒரு சங்கடமான விளக்கம் தந்தது. நோய் திடீரென்று பரவவில்லை. முன்பே எண்ணியிருக்க வேண்டியவர்கள் இப்போதுதான் கணக்கில் ஏறியிருக்கிறார்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் முடிவுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டிருந்தன. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்க வேண்டிய ஊழியர்களுக்கும் அந்தப் பெயர்கள் போய்ச் சேரவில்லை.

நடந்தது இதுதான். ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளை, பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு எக்செலின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் உச்சவரம்பு. ஒருவரின் முடிவே பல வரிசைகளைப் பிடித்ததால் சுமார் 1,400 பேரோடு தாள் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் வந்ததெல்லாம் வெட்டுப்பட்டது. எச்சரிக்கை எதுவும் எழவில்லை.

இடம் போதாமல் போவது எந்தக் கணினியிலும் நடக்கக்கூடியது. ஆபத்து, அது சொல்லாமல் நடந்ததில் இருக்கிறது. ஒரு பதிவை ஏற்க முடியாவிட்டால் அதை வெளிப்படையாக மறுக்க வேண்டும், ஏற்ற பதிவை யார் எந்தக் கோணத்திலிருந்து கேட்டாலும் எடுத்துத் தர வேண்டும் என்ற இரண்டு கடமைகளையும் ஏற்றுக்கொண்ட மென்பொருள்கள் அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன. உறவுநிலைத் தரவுத்தளம், அதாவது ரிலேஷனல் டேட்டாபேஸ், என்பது அவற்றின் பெயர். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவு என்று அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி இன்று அதன் மேல் ஓடுகிறது.

நிலவுக்குப் போன பட்டியல்

கணினியில் தரவைச் சேமிப்பது ஒரு தனிக் கலையாக வளர்ந்ததில் அப்போலோ திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாட்டர்ன் 5 ராக்கெட்டிலும் விண்கலத்திலும் இருந்த பாகங்கள் லட்சக்கணக்கானவை. எந்தப் பாகம் எதற்குள் போகிறது, அதற்குள் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலைக் காகிதத்தில் வைத்துச் சமாளிக்க முடியாத நிலை. ஐபிஎம் நிறுவனம், ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகியவற்றோடு சேர்ந்து இதற்காக ஒரு மென்பொருளை எழுதியது. பின்னாளில் ஐஎம்எஸ் என்று பெயர் பெற்ற அது, 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டௌனி நகரிலிருந்த ராக்வெல் வளாகத்தில் ‘ரெடி’ என்ற சொல்லை முதன்முதலாக ஒரு முனையத்தில் காட்டியது.

ஐஎம்எஸ் தரவை மர வடிவில் அடுக்கியது. உச்சியில் ராக்கெட், அதன் கீழ் அடுக்குகள், அடுக்கின் கீழ் எஞ்சின்கள், எஞ்சினின் கீழ் வால்வுகள், வால்வின் கீழ் போல்ட்டுகள். இந்த எஞ்சினில் என்னென்ன பாகங்கள் என்று கேட்டால் மேலிருந்து கிளை வழியாக இறங்கினால் போதும். பதில் உடனே கிடைக்கும். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டால் சிக்கல் தொடங்கும். குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலையின் போல்ட்டுகளில் விரிசல் தெரிகிறது, அவை ராக்கெட்டில் எங்கெல்லாம் இருக்கின்றன? இதற்கு மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஏறி இறங்க வேண்டும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பேக்மன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐடிஎஸ் இன்னும் நெகிழ்வானது. அதில் ஒரு பதிவு பல பதிவுகளோடு சுட்டிகளால் பிணைக்கப்பட்டு ஒரு வலையாக இருந்தது. 1973இல் கணினித் துறையின் டூரிங் விருதைப் பெற்றபோது பேக்மன் ஆற்றிய உரை, நிரலாளரைக் கடலோடியாக உருவகித்தது. தரவுக் கடலில் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்கு வழி கண்டு செல்பவரே நிரலாளர் என்பது அவர் பார்வை.

கடலோடிக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், அந்த வழியும் மாறாமல் இருக்க வேண்டும். சேமிப்பின் அமைப்பை யாராவது மாற்றினால் அந்தப் பழைய வழியை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் நின்றுபோகும். புதிதாக ஒரு கேள்வி கேட்க நினைக்கும் மேலாளர், நிரலாளர் ஒருவரைப் பிடித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பதினோரு பக்கத்தில் ஒரு மாற்று

இதற்குத் தீர்வு சொன்னவர் ஒரு கணிதக்காரர். எட்கர் காட் 1923இல் இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையை ஒட்டிய போர்ட்லண்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினார், 1940களின் இறுதியில் அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். இடதுசாரிகளை வேட்டையாடிய மெக்கார்த்தி அரசியலில் வெறுப்புற்றுச் சில ஆண்டுகள் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். திரும்பி வந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 40ஐத் தாண்டியிருந்தது. தரவுத்தளங்களின் பக்கம் அவர் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

1970 ஜூனில் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. பதினோரு பக்கம். தரவைப் பயன்படுத்துகிறவருக்கு அது வட்டில் எந்த ஒழுங்கில், எந்தச் சுட்டிகளோடு கிடக்கிறது என்பது தெரிய வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படைக் கோரிக்கை. அவர் முன்வைத்த அமைப்பும் எளிமையானது: எல்லாவற்றையும் அட்டவணைகளாக வையுங்கள். கிடையாக ஓடும் ஒவ்வொரு வரிசையும் உலகைப் பற்றிய ஒரு செய்தி. நெட்டாக இறங்கும் ஒவ்வொரு பத்தியும் அந்தச் செய்தியின் ஒரு கூறு. வரிசைகள் மேலே கீழே மாறினாலும் பொருள் மாறாது. ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கச் சுட்டிகள் வேண்டாம். இரண்டிலும் இருக்கும் பொதுவான மதிப்பே போதும்.

அட்டவணை என்பது அலுவலகங்களில் நூற்றாண்டுகளாக இருப்பதுதானே, இதில் என்ன புதுமை? காட் அதைக் கணிதப் பொருளாக நடத்தினார். கணங்களின் கோட்பாட்டில் உறவு எனப்படுவதுதான் அவருடைய அட்டவணை. எண்களைக் கூட்டிப் பெருக்கினால் மீண்டும் எண் கிடைப்பதுபோல, அட்டவணைகளின் மேல் வரையறுத்த செயல்களைச் செய்தால் மீண்டும் ஓர் அட்டவணைதான் கிடைக்கும். சில வரிசைகளை மட்டும் பிரித்தெடுக்கலாம், சில பத்திகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம், இரண்டு அட்டவணைகளைப் பொருத்தலாம். விடையாக வருவதும் அட்டவணை என்பதால் அதன் மேல் அடுத்த செயலைச் செய்யலாம். சிக்கலான எந்தக் கேள்வியையும் இப்படிச் சின்னச் சின்னச் செயல்களின் தொடராகக் கட்டிவிட முடிகிறது.

ஐஎம்எஸ்ஸை விற்றுக் கொழித்துக்கொண்டிருந்த ஐபிஎம், தன் ஊழியரே சொன்ன இந்த மாற்றை உடனே கொண்டாடவில்லை.

ஒரு செய்திக்கு ஓர் இடம்

ராக்கெட் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவு ஒரே ஒரு பெரிய அட்டவணை வைத்திருப்பதாகக் கொள்வோம். வழங்கும் நிறுவனத்தின் பெயர், அதன் ஊர், பாக எண், பாகத்தின் பெயர், எடை, எத்தனை வந்தன, எந்தத் தேதியில் என்று ஏழு பத்திகள். ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் ஒரு வரிசை. பார்ப்பதற்கு வசதியாகத்தான் இருக்கும்.

ஒரு நிறுவனம் சிகாகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு இடம் மாறட்டும். அது ஐந்நூறு முறை சரக்கு அனுப்பியிருந்தால் ஐந்நூறு வரிசைகளில் ஊரைத் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நிறுவனம் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இருக்கும். இன்னொரு நிறுவனம் ஒரே ஒரு முறைதான் அனுப்பியது, அந்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையை அழித்தால் நிறுவனத்தின் முகவரியும் சேர்ந்து போய்விடும். மூன்றாவதாக, ஒப்பந்தம் மட்டும் போட்டு இன்னும் எதுவும் அனுப்பாத நிறுவனத்தை இந்த அட்டவணையில் எழுதவே இடமில்லை.

மூன்று கோளாறுக்கும் மூலம் ஒன்றே. நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்பது நிறுவனத்தைப் பற்றிய செய்தி. எடை, பாகத்தைப் பற்றிய செய்தி. எத்தனை, எப்போது வந்தன என்பது மட்டுமே வரவைப் பற்றியது. மூன்றையும் ஒரே வரிசையில் அடைத்ததுதான் தவறு. அட்டவணையை மூன்றாகப் பிரித்தால் நிறுவனத்தின் ஊர் ஒரே இடத்தில், பாகத்தின் எடை ஒரே இடத்தில் இருக்கும். நிறுவனத்துக்கும் ஓர் எண் தந்துவிட்டால், வரவு அட்டவணையில் நிறுவன எண்ணும் பாக எண்ணும் தேதியும் எண்ணிக்கையும் மட்டும். இடம் மாறிய நிறுவனத்துக்கு இப்போது ஒரே ஒரு திருத்தம்.

இப்படிப் பிரிப்பதற்கு இயல்பாக்கம் என்று பெயர். எந்த அளவுக்குப் பிரித்தால் எந்தக் கோளாறு நீங்கும் என்பதைக் காட் படிப்படியாக வரையறுத்தார். முதல் படியை 1970 கட்டுரையிலேயே சொன்னார். இரண்டாம், மூன்றாம் படிகள் அடுத்த ஆண்டு வந்தன. இளம் சகா ரேமண்ட் பாய்ஸோடு சேர்ந்து 1974இல் மூன்றாவதை இன்னும் இறுக்கினார். அது இன்றும் பாய்ஸ்-காட் வடிவம் என்றே பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

பிரித்ததை மீண்டும் பொருத்த அடையாளம் வேண்டும். ஒவ்வொரு அட்டவணையிலும் ஒரு வரிசையைத் தனித்துக் காட்டும் பத்தி அதன் முதன்மைத் திறவுகோல், பேச்சு வழக்கில் பிரைமரி கீ. பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், பெயரை மாற்றிக்கொள்வதும் உண்டு. மாறாத ஓர் எண்ணே பாதுகாப்பு. அந்த எண் வேறோர் அட்டவணையில் வந்தால் அங்கே அது அயல் திறவுகோல். வரவு அட்டவணையில் 417 என்ற நிறுவன எண் இருந்தால், நிறுவனங்களின் அட்டவணையில் 417 இருந்தே ஆக வேண்டும். இல்லாத நிறுவனத்தின் பேரில் சரக்கு ஏற்ற முயன்றாலும், சரக்கு இருக்கும்போது நிறுவனத்தை அழிக்க முயன்றாலும் தரவுத்தளம் மறுத்துவிடும்.

மறுக்கத் தெரிந்த அட்டவணை

இந்த மறுப்புதான் எக்செல் போன்ற விரிதாளுக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு. மனித மரபணுக்களின் பெயர்கள் பட்ட பாடு இதற்கு நல்ல உதாரணம். செப்ட்1, மார்ச்1 என்ற குறியீடு கொண்ட மரபணுக்களை எக்செலில் அடித்தால் அது அவற்றைச் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாக மாற்றிவிடும். உதவி செய்வதாக அதற்கு நினைப்பு. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. முதலில் மாறியது மென்பொருள் அல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் பெயர்களை மாற்றிக்கொண்டது. செப்ட்1 இன்று செப்டின்1. மார்ச்1 இன்று மார்ச்எஃப்1.

உறவுநிலைத் தரவுத்தளத்தில் பத்தியின் வகையை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். இது எழுத்து, இது முழு எண், இது தேதி. அறிவித்த பிறகு மரபணுப் பெயர் தேதியாகாது. அதற்கு மேல் விதிகளும் போடலாம். எண்ணிக்கை பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், பாக எண் இரண்டு முறை வரக் கூடாது, திரும்பிய தேதி அனுப்பிய தேதிக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. விதியை மீறும் வரிசை உள்ளே நுழையாது. அதை அனுப்பியது இணையப் படிவமா, கைபேசிச் செயலியா, நள்ளிரவில் ஓடும் நிரலா என்ற பாகுபாடும் கிடையாது.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை டோக்கியோ பங்குச் சந்தை 2005 டிசம்பர் 8 அன்று கண்டது. ஜே-காம் என்ற நிறுவனம் அன்றுதான் சந்தைக்கு வந்தது. மிசுஹோ செக்யூரிட்டீஸின் ஊழியர் ஒருவர் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். இரண்டு கட்டங்களும் இடம் மாறி, 6,10,000 பங்குகள் தலா 1 யென்னுக்கு என்று ஆணை போய்விட்டது. அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த பங்குகளே மொத்தம் 14,500தான். இருப்பதைப் போல 42 மடங்கு விற்க ஓர் ஆணை வருகிறது, பங்குச் சந்தையின் கணினி அதை வாங்கிக்கொள்கிறது. விற்கும் எண்ணிக்கை வெளியிட்ட பங்குகளைத் தாண்டக் கூடாது என்ற ஒரே ஒரு சோதனை அதைத் தடுத்திருக்கும். மிசுஹோவின் திரையில் எச்சரிக்கை வந்தது, ஊழியர் அதைத் தாண்டிப் போனார். ரத்து செய்யும் முயற்சிகளும் சந்தை மென்பொருளின் பிழையால் பலிக்கவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

எச்சரிக்கைக்கும் மறுப்புக்கும் உள்ள தூரம் இதுதான். அவசரத்தில் இருப்பவர் எச்சரிக்கையைத் தட்டிவிட்டுப் போவார்.

தட்டச்சுப் பிழையை எண்ணுக்குள்ளேயே பிடிக்கவும் வழி உண்டு. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் சோதனைக்காகவே இருக்கிறது. முதல் 11 இலக்கங்களிலிருந்து ஒரு கணக்கு முறையால் அது பெறப்படுகிறது. நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறை அது. ஏதேனும் ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் தவறாமல் காட்டிக்கொடுக்கும். ஆனால் எண் சரியாக அமைந்திருக்கிறது என்றுதான் அது சொல்லும். அந்த எண் இன்னாருடையதுதானா என்பதை அதனால் சொல்ல முடியாது. எல்லாச் சோதனைகளுக்கும் உள்ள எல்லை இது. 1987இல் பிறந்தவரை 1978இல் பிறந்தவராகப் பதிந்தால் எந்த விதியும் மீறப்படவில்லை.

விதி உலகத்தைவிடக் கடுமையாக இருந்தாலும் தொல்லைதான். குடும்பப் பெயர் கட்டாயம் என்று விதிக்கும் படிவங்கள் உலகெங்கும் உண்டு. அப்பாவின் பெயரை இனிஷியலாக மட்டும் வைத்துக்கொள்ளும் தமிழர்கள் அங்கே திணறுவது பழகிய கதை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து நிற்கும்; முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது.

தெரியாத செய்தியை எப்படிப் பதிவது என்பது காட் காலத்திலிருந்தே தீராத வழக்கு. காட் அதற்கு ‘நல்’ என்ற குறியை ஆதரித்தார். அது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. இந்தக் கட்டத்தில் மதிப்பு இல்லை என்பதன் அடையாளம். நல் வந்ததும் உண்மை, பொய் என்ற இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடையும் வந்துவிடுகிறது. நூறு நிறுவனங்களில் சிகாகோவில் இருப்பவை எத்தனை என்று கேட்டால் 30. சிகாகோவில் இல்லாதவை எத்தனை என்று கேட்டால் 60. மிச்சம் பத்தின் ஊர் தெரியாததால் அவை இரண்டு விடையிலும் வராது. காட்டின் நெருங்கிய கூட்டாளியும் பாடநூல் ஆசிரியருமான கிறிஸ் டேட் நல்லைக் கடைசிவரை ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் விளையாட்டாகத் தன் காருக்கு ‘நல்’ என்றே எண் பலகை வாங்கினார். எண் பதியப்படாத வண்டிகளின் அபராதமெல்லாம் அவர் தலையில் விழுந்து 12,000 டாலரைத் தாண்டியது. நல் என்ற குறியையும் அதே எழுத்துகள் கொண்ட சொல்லையும் ஏதோ ஒரு மென்பொருள் குழப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

விதியை எழுதிவிட்டால் மட்டும் போதாது, மென்பொருள் அதை மதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலகில் மிகப் பரவலான தரவுத்தளங்களுள் ஒன்றான மைஎஸ்கியூஎல், பத்திக்குப் பொருந்தாத நீளமான சொல் வந்தால் அதை வெட்டிச் சேமித்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்வதையே பல ஆண்டுகள் இயல்பாக வைத்திருந்தது. கண்டிப்பான முறை தானாகவே இயங்கத் தொடங்கியது 2015இன் 5.7 பதிப்பிலிருந்துதான். ‘செக்’ என்று எழுதிய விதிகளைப் படித்துவிட்டு அப்படியே புறக்கணிக்கும் பழக்கத்தை அது 2019இல்தான் கைவிட்டது.

ஐந்து பக்கம், ஒரு வரி

1970களின் தொடக்கத்தில் டொனால்டு சேம்பர்லின் பேக்மன் பாணித் தரவுத்தளங்களில் தேர்ந்த ஐபிஎம் ஆய்வாளர். காட் தன் கருத்தை விளக்கிய கூட்டம் ஒன்றில் அவரும் உட்கார்ந்திருந்தார். தம் மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் என்பதுபோன்ற கேள்விகளுக்குச் சேம்பர்லின் அறிந்த முறையில் ஐந்து பக்க நிரல் தேவைப்படும். காட் அவற்றில் ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுதிக் காட்டினார். மனம் மாறிய தருணமாகச் சேம்பர்லின் அதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆனால் காட்டின் வரிகள் கணிதக் குறிகளால் ஆனவை. அலுவலகத்தில் யாருக்கும் புரியாது. சேம்பர்லினும் பாய்ஸும் அதைச் சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கு மாற்றினார்கள். 1974இல் அவர்கள் அறிமுகப்படுத்திய மொழியின் பெயர் சீக்வெல். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு விமான நிறுவனத்தின் வணிகக்குறி என்பதால் எஸ்கியூஎல் என்று சுருங்கியது. பாய்ஸ் அதன் வெற்றியைப் பார்க்கவில்லை. மூளை ரத்தக்குழாய் வெடித்து அதே ஆண்டில் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

எஸ்கியூஎல் வினவலின் அமைப்பு எளிது. செலக்ட் என்ற சொல்லுக்குப் பின் எந்தப் பத்திகள் வேண்டும், ஃப்ரம் என்பதற்குப் பின் எந்த அட்டவணைகளிலிருந்து, வேர் என்பதற்குப் பின் என்ன நிபந்தனை. அட்டவணைகளைப் பொருத்த ஜாயின், தொகுத்து எண்ண குரூப் பை. விரிசல் விட்ட போல்ட்டைச் சிகாகோவிலிருந்து அனுப்பியவர்கள் யார் என்பதை மூன்று அட்டவணைகளையும் பொருத்தி நான்கைந்து வரிகளில் கேட்டுவிடலாம். எங்கே தொடங்குவது, எதை முதலில் திறப்பது என்ற பேச்சே கேள்வியில் இருக்காது. ஆட்டோவில் ஏறி எழும்பூர் என்று மட்டும் சொல்வதுபோலத்தான். எந்தச் சிக்னலில் திரும்ப வேண்டும் என்பது ஓட்டுநரின் பாடு.

அந்த ஓட்டுநருக்கு மூளை வேண்டும். பழைய முறைக்காரர்களின் முக்கிய ஆட்சேபமே அதுதான். 1974இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் காட் தரப்பும் பேக்மன் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. நல்ல நிரலாளர் கண்டுபிடிக்கும் வழியை ஒரு கணினியால் கண்டுபிடிக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானதாகவே இருந்தது.

விடை சான் ஹோசேயில் ஐபிஎம் நடத்திய சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்தது. அதில் பட்ரிஷியா செலிங்கரும் சகாக்களும் 1979இல் வெளியிட்ட முறை, ஒரே கேள்விக்குச் சாத்தியமான பல வழிகளின் செலவை முன்கூட்டியே மதிப்பிடுகிறது. மொத்தம் 5,000 நிறுவனங்கள், சிகாகோவில் 200, குறிப்பிட்ட போல்ட்டை அனுப்பியவர்கள் மூவர் என்று தரவுத்தளம் தன் புள்ளிவிவரத்தில் வைத்திருக்கட்டும். சிகாகோவிலிருந்து தொடங்கினால் 200 பேரின் வரவுகளைப் புரட்ட வேண்டும். போல்ட்டிலிருந்து தொடங்கினால் மூன்று பேரின் ஊரைப் பார்த்தால் தீர்ந்தது. எது மலிவோ அதைத் தரவுத்தளமே தேர்ந்துகொள்ளும். நாளை அந்த எண்கள் மாறினால் வழியும் தானே மாறும். கேள்வியில் ஓர் எழுத்தும் மாற வேண்டாம். இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றில் ஓடுவது இந்தச் சிந்தனையின் வளர்ச்சிதான்.

தேடலுக்கு வேகம் தருவது இன்டெக்ஸ். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970இல் முன்வைத்த பி-மரம் இன்றும் அதற்கு அடித்தளம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் இருநூறு கிளைகள் பிரிவதாகக் கொண்டால் நான்கே தாவலில் 160 கோடிப் பதிவுகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம். பி என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை இருவரும் கடைசிவரை சொல்லவில்லை.

ஐபிஎம் யோசித்துக்கொண்டிருந்தபோது வெளியே மற்றவர்கள் ஓடத் தொடங்கினார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வோங்கும் 1973இல் இங்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைய போஸ்ட்கிரெஸ்கியூஎல் அதன் வழித்தோன்றல். ஐபிஎம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த லாரி எலிசனும் கூட்டாளிகளும் 1977இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, 1979இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐபிஎம்மின் முதல் எஸ்கியூஎல் தயாரிப்பு அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது. அந்த 1981இல்தான் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது. எஸ்கியூஎல் 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் மறு ஆண்டு உலகத் தர நிர்ணயமாகவும் ஆனது.

ஒரு படுக்கை, இரண்டு பயணிகள்

சரியான அமைப்பும் சரியான கேள்வியும் இருந்தும் கோளாறு வரும் இடம் ஒன்று உண்டு. பொங்கலுக்கு முந்தைய ரயிலில் ஒரே ஒரு படுக்கை மிச்சம். இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இருவருக்கும் இடம் இருக்கிறது என்றே திரை காட்டியது. யாருக்குக் கொடுப்பது? வங்கியில் ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்து, இன்னொன்றில் ஏறும் முன் மின்சாரம் போனால் அந்தப் பணம் எங்கே?

இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான விடை தந்தவர்களில் முதன்மையானவர் சிஸ்டம் ஆர் குழுவின் ஜிம் கிரே. சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களை ஒரே கட்டாக, டிரான்ஸாக்‌ஷனாக, நடத்த வேண்டும் என்பது அவர் வழி. எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. மாற்றத்தை அட்டவணையில் செய்யும் முன் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதிவைப்பதால், இயந்திரம் விழுந்து எழுந்தாலும் பாதியில் நின்றதை ரத்து செய்யவும் முடிந்ததை மீட்கவும் முடியும். படுக்கையைத் தொட்ட முதல் பயணிக்காக அந்த வரிசை பூட்டப்படும். இரண்டாமவர் காத்திருந்து, பூட்டு திறந்ததும் இடமில்லை என்ற பதிலைப் பெறுவார். 1998இல் டூரிங் விருது பெற்ற கிரே, 2007 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குள் போனார். திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் அலசியும் படகின் தடயம் கிடைக்கவில்லை.

கேள்வி எளிய சொற்களால் ஆனது என்பதில் ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. பெயரைக் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதில் எஸ்கியூஎல் துண்டு ஒன்றை எழுதினால், கவனமற்ற மென்பொருள் அதையும் கேள்வியோடு சேர்த்துத் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடும். பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 2015 அக்டோபரில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இந்த வழியாகத்தான் திருடுபோயின. மறு ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு அபராதம் விழுந்தது. தடுக்கும் முறை நீண்ட காலமாகத் தெரிந்ததே: கேள்வியின் வடிவத்தை முதலில் அனுப்பி, பயனர் எழுதியதை வெறும் மதிப்பாகப் பின்னர் அனுப்ப வேண்டும். அப்படி வந்த மதிப்பைத் தரவுத்தளம் ஒருபோதும் கட்டளையாகப் படிக்காது.

இதையெல்லாம் சொந்தமாகச் செய்து பார்க்கப் பெரிய கணினி தேவையில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹிப், தரவுத்தள சர்வர் நின்றுபோகும் போதெல்லாம் தன் நிரலும் நிற்பதில் சலித்து, சர்வரே இல்லாத எஸ்கியூலைட்டை 2000இல் வெளியிட்டார். ஆண்ட்ராய்ட், ஐஃபோன் கைபேசிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. விலை கிடையாது, உரிமக் கட்டுப்பாடும் கிடையாது. கணினியில் இறக்கிக்கொண்டு வீட்டுப் புத்தகங்களையோ கடைக் கணக்கையோ மூன்று அட்டவணைகளாகப் பிரித்து வைத்துப் பாருங்கள். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அதில் அயல் திறவுகோல் சோதனை பொதுவாகத் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் ‘பிராக்மா ஃபாரின் கீஸ்’ கட்டளையால் இயக்க வேண்டும். எண்ணுக்கான பத்தியில் எழுத்தை இட்டாலும் அது வாங்கிக்கொள்ளும்; ஆனால் 2021இன் 3.37 பதிப்பிலிருந்து, அட்டவணையை உருவாக்கும் கட்டளையின் இறுதியில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் மறுத்துவிடும்.